பழைய ரெகுலேட்டர்: சர்வீஸா, புதிதா?

வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஸ்கூபா டைவிங் ரெகுலேட்டரை (நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவி) எடுத்ததும், சிலிண்டரில் மாட்டும் இடத்திலுள்ள சிறிய உலோக வடிகட்டியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் முதல் நிலைக்குள் (சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி) ஈரம் போயிருக்கிறது. பெரும்பாலும் மூடி போடாமல் கழுவிய வினை.

அடுத்தது இடைநிலை அழுத்தம்: முதல் நிலையிலிருந்து வாய்ப்பகுதியான இரண்டாம் நிலைக்குப் போகும் காற்றின் அழுத்தம். தாழ்வழுத்தக் குழாயில் அளவுமானியை மாட்டிச் சிலிண்டரைத் திறந்தால், பெரும்பாலான மாடல்களில் முள் 9 முதல் 10 பாருக்குள் நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல ஏறினால் முதல் நிலை சீட் (காற்றை அடைக்கும் வால்வுப் பாகம்) தேய்ந்திருக்கலாம். வாய்ப்பகுதியில் காற்றுக் கசிவதும் அதனால்தான். இரண்டாம் நிலையைத் திருகி அடக்கினால் மூச்சிழுப்பது கடினமாகும், கசிவு திரும்பிவரும்.

ஸ்கூபாப்ரோ எம்கே2 போன்ற எளிய பிஸ்டன் வகை என்றால் சர்வீஸ்தான் லாபம்: சீட், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), வடிகட்டி மாற்றினால் போதும். வெடித்த ரப்பர்க் குழாய்களையும் மாற்றுங்கள். கழற்றிய பாகங்களையும் அழுத்த அளவையும் கடையில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கடை வேண்டாம்.

சர்வீஸ் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வருவது நின்றுபோன மாடலா? ஓ-ரிங் அமரும் இடத்தில் குரோம் உரிந்து குழி விழுந்திருக்கிறதா? யோசிக்காமல் புதிது வாங்குங்கள். கரௌசல் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழையதற்கும் முழு சர்வீஸ் செலவைக் கூட்டியே விலை பேசுங்கள். ஆக்டோபஸுக்குத் (அவசரத்துக்கான கூடுதல் இரண்டாம் நிலை) தனிக் கூலி உண்டு, மறந்துவிடாதீர்கள்.