புது சீட்டா, பழைய சீட்டில் புது ஃபோமா?

என் 350 சிசி வண்டியில் மாதம் ஒரு தடவையாவது சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்வருகிறேன். விழுப்புரம் வரை, அதாவது சுமார் 160 கிலோமீட்டர் வரை, ஒரு சிரமமும் தெரியாது. அதைத் தாண்டினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி மாறி உட்கார வேண்டியிருக்கும். இறங்கி நிற்பதற்காகவே உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்தும் நிலை வந்தபோது சீட்டை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் நெடும்பயணத்துக்கென்று விற்கும் ரெடிமேட் டூரிங் சீட் ஒன்றை வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியோடு வந்த சீட்டையே பிரித்து ஃபோம் மாற்றிக்கொண்டேன். அதன்பின் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. எனவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

சீட்டின் மேல் விரித்துக் கட்டும் ஜெல் பேட், காற்றடிக்கும் குஷன் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு நெடும்பயணம் மட்டும் போகிறவருக்கு அவை போதும். காற்றுக் குஷனில் எல்லாரும் செய்யும் தவறு, நிறையக் காற்று அடிப்பது. உட்கார்ந்தால் சீட்டிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கினாலே போதும். ஜெல் பேட் போட்ட நண்பரின் வண்டியை ஒரு பகல் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுட்டது. என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி ரெடிமேட் சீட். அதன் நல்ல குணங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பின்பக்கம் இரண்டு போல்ட், முன்பக்கம் நாக்குப் போல நீண்ட ஒரு கொக்கி, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். பழைய சீட் பழுதில்லாமல் வீட்டில் இருக்கும் என்பதால் வண்டியை விற்கும்போது அதையே மாட்டிக் கொடுத்துவிடலாம். பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் கம்பெனி பாகம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பார்வைக்கும் அழகு. டயமண்ட் தையல், இரண்டு நிறம், அகலமான உட்காரும் இடம். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மெத்தை போலவே இருந்தது.

அந்த மெத்தைத்தனத்தை நம்பியதுதான் என் முதல் தவறு. வண்டியில் உட்காரும்போது உடம்பின் பெரும்பாரம் புட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெதுவான ஃபோம் அங்கே முழுசாக நசுங்கிவிடும். அதற்கப்புறம் எலும்புக்கும் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. கடையில் ஐந்து நிமிடத்தில் இது தெரியாது, நூறு கிலோமீட்டர் போனால்தான் தெரியும். “40 டென்சிட்டி” என்று கடைக்காரர் சொன்னால் அது ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்பதைத்தான் குறிக்கிறது. எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம். கெட்டியா, மெதுவா என்பது வேறு கணக்கு. மெமரி ஃபோமுக்கு இன்னொரு குணமும் உண்டு, சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சித்திரை மாத மதியத்தில் சென்னையில் ஒரு மாதிரியும், மார்கழிக் காலையில் ஊட்டியில் வேறு மாதிரியும் இருக்கும்.

ஆனாலும் நான் அந்த சீட்டைக் கழற்றியதற்குக் காரணம் வலி இல்லை, தண்ணீர். சீட் மாற்ற நினைக்கிற யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை.

சீட்டை மூடியிருக்கும் ரெக்சினில் தண்ணீர் இறங்காது. ஆனால் ஊசி இறங்கிய இடத்தில் எல்லாம் இறங்கும். என் ரெடிமேட் சீட்டின் மேற்புறத் தையல் கோடுகளை ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். எல்லாம் சேர்த்து சுமார் ஏழு மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு 25 ஓட்டை வீதம் 1,750 ஓட்டைகள், அதுவும் மழை நேராக விழும் இடத்தில். உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே ரெக்சின், கீழே பிளாஸ்டிக் தட்டு, ஈரம் வெளியேற வழியே இல்லை. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தது. மூன்றாம் நாள் நல்ல வெயில். துணியால் துடைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி ஏறி உட்கார்ந்தேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் பேன்ட் முழுக்க ஈரம். சீட்டைக் கழற்றி அழுத்தினால் ஒவ்வொரு தையல் ஓட்டையிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கிளம்பியது. மொட்டை மாடியில் நான்கு நாள் கவிழ்த்து வைத்தும் வாடை போகவில்லை. தை மாதம் ரெக்சினைப் பிரித்தபோது ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து ஃபோமில் செங்கறை படிந்திருந்தது. எலும்பு படும் இரண்டு இடங்களிலும் குழி விழுந்து, கை வைத்தால் எழும்பவே இல்லை.

வண்டியோடு வந்த சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. அதன் மேற்புறத்தில் ஒரு தையல்கூடக் கிடையாது. இருக்கிற தையலும் பக்கவாட்டில், கீழ் நோக்கிப் போகிறது. தண்ணீர் வழிந்து போய்விடும். அதன் குறை வடிவத்தில்தான். ஃபோம் போதாது, போதாததற்கு டேங்க் பக்கமாகச் சரிவு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னே வழுக்கி, குறுகலான இடத்தில் போய் உட்காருவோம். வடிவத்தைத் திருத்தலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்துக்கொண்டே போய், ஒரு சந்தில் சீட் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். “மேல டிசைன் தையல் போடணுமா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். “மழை இறங்காம இருக்கணும்ண்ணே, அழகு வேண்டாம்” என்றேன். “அப்ப ஒத்தத் துணியில மூடிடலாம்” என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி நிம்மதி.

என்னை வண்டியில் உட்காரவைத்து எலும்பு படும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தார். அங்கே ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பழைய ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, ஃபோம் துண்டுகளை அழுத்திச் செய்த கெட்டியான ரீபாண்டட் ஃபோமை ஒட்டினார். முன்பக்கம் ஒரு ஆப்பு மாதிரி வைத்து டேங்க் சரிவைச் சமன் செய்தார். எல்லாவற்றுக்கும் மேல் பத்து மில்லிமீட்டரில் மெதுவான ஒரு அடுக்கு. கிரைண்டரில் எமரித் தாள் மாட்டித் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரெக்சினை நாலைந்து பின் மட்டும் அடித்து மாட்டி, “ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க” என்று அனுப்பினார். வந்து இடது பக்கம் உறுத்துகிறது என்றேன். பிரித்து மறுபடி தேய்த்தார். எந்த ரெடிமேட் சீட்டிலும் இது நடக்காது. தயாரிப்பவர் நம்மைப் பார்த்ததே இல்லையே.

செலவு 2,200 ரூபாய் ஆனது. ரெடிமேட் சீட்டுக்கு 4,500 கொடுத்திருந்தேன். இது நான் கொடுத்த விலை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். துருப்பிடிக்காத ஸ்டீல் பின்தான் வேண்டும் என்று சொல்லி அடிக்கவைத்தேன். பக்கவாட்டுத் தையலுக்கு உள்பக்கம் பசை தடவி டேப் ஒட்டவும் சொன்னேன். இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கிடைக்காது.

இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை. வேலை செய்பவரின் கையைப் பொறுத்தது எல்லாம். அவசரக்காரரிடம் மாட்டினால் சீட்டும் போச்சு, காசும் போச்சு. நல்ல ஆள் கிடைக்காத ஊரில், மேற்புறம் தையல் இல்லாத ரெடிமேட் சீட்டைத் தேடி வாங்குவதே மேல். இன்னொன்று, கம்பெனி சீட்டை வெட்டினால் வெட்டியதுதான், விற்கும்போது பழையபடி ஆக்க முடியாது. இப்போது செய்வதாக இருந்தால் புதுப்பேட்டையில் அதே மாடலுக்குப் பழைய சீட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வெட்டக் கொடுத்திருப்பேன். உயரத்தையும் கவனியுங்கள். ஒரு அங்குலம் ஏற்றினாலே சிக்னலில் கால் எட்டாமல் போகும் ஆட்கள் உண்டு.

பின்னால் உட்காருபவரின் இடத்தையும் இதே சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். பின்னிருப்பவர் பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி. என் ரெடிமேட் சீட்டில், பின்னிருப்பவர் பிடித்துக்கொள்ளச் சீட்டின் குறுக்கே வரும் பட்டை இல்லை, பின்பக்க இரும்புப் பிடி மட்டும்தான். “பின்னாடி கையை நீட்டிப் பிடிச்சா தோள் வலிக்குதுங்க” என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவரிடம் சொன்னதும் கம்பெனி சீட்டில் இருந்த பழைய பட்டையைக் கழுவி, அதே இடத்தில் திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

போன கார்த்திகையில் திண்டிவனத்திலிருந்து பெரம்பலூர் வரை விடாத மழையில் ஓட்டினேன். மறுநாள் காலை திருச்சியில் சீட்டைக் கழற்றி, வெள்ளைத் துணி ஒன்றை வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தேன். தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது, மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது.