வலையமைப்புப் போக்குவரத்து வரைபடங்கள்: கோடா, அடுக்கா, சான்கீயா?

சிங்கப்பூரில் துணைப்பாட நிலையம் நடத்தும் ஒருவர் தம் வலையமைப்பின் வரைபடத்தைத் திறந்து பார்ப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். மாலை நேரக் காணொளி வகுப்பு திக்கித் திணறுகிறது; குறை இணைய இணைப்பிலா, உள்ளே ஏதோ ஒரு கணினி இணைப்பின் கொள்ளளவை விழுங்குவதிலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பொறியாளர் அல்லாத அவருக்கு எந்தப் படம் விரைவில் விடை தருகிறது என்பதே இங்கு என் அளவுகோல்.

1990களின் நடுவில் டோபியாஸ் ஓட்டிக்கர் உருவாக்கிய எம்ஆர்டிஜி என்ற வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள் பரப்பிய கோட்டு வரைபடத்தில், உள்வரும் தரவு பச்சைப் பரப்பாகவும் வெளிச்செல்வது நீலக் கோடாகவும் தெரியும். ஒரே அச்சில் உயரங்களை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது என்பதால் அந்த வடிவம் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதன் ஐந்து நிமிடச் சராசரி பலவற்றை மறைத்துவிடும். 1 ஜிகாபிட் இணைப்பு பத்து விநாடி முழுதாக நிரம்பி, எஞ்சிய நேரம் சும்மா இருந்தால், படத்தில் ஏறுவது விநாடிக்கு ஏறத்தாழ 33 மெகாபிட் மட்டுமே. வகுப்பு தடைபட்டது உண்மை, படமோ ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. சராசரிக்கு மேலே உச்ச அளவையும் மெல்லிய கோடாக வரைந்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். தானாக நீண்டு சுருங்கும் அச்சு இதைவிட மோசமானது. 3 மெகாபிட்டையும் 900 மெகாபிட்டையும் அது ஒரே மலையாகக் காட்டுவதால், வாங்கிய வேகத்தை அச்சின் உச்சியில் நிலையான கோடாக இட்டே ஆகவேண்டும்.

‘யார் இழுக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு, ஒவ்வொரு பயன்பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ண அடுக்குகளாக வைக்கும் அடுக்குப் பரப்பு வரைபடம் பொருத்தமாகத் தோன்றும். எனினும் கீழ் அடுக்கில் காணொளி உயர்ந்தால், மேலே இருக்கும் காப்புப் பதிவு மாறாமலிருந்தும் சேர்ந்து உயர்வதுபோல் தெரிவதால், குற்றமற்ற கணினிமீது பழி விழும். ஐந்து அடுக்குகளுக்குமேல் போனால் நான் இதைப் பயன்படுத்த மாட்டேன். ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோலில் தனித்தனிச் சிறு கோட்டுப்படமாக அடுக்குவது மேல்.

1898இல் நீராவி இயந்திரத்தின் ஆற்றல் ஓட்டத்தைக் காட்டிய மேத்யூ சான்கீயின் பெயர் தாங்கிய வரைபடம், எந்தக் கணினியிலிருந்து எந்தச் சேவைக்கு எவ்வளவு செல்கிறது என்பதைப் பட்டைகளின் தடிமனால் சொல்கிறது. கூட்டங்களில் எல்லாரையும் கவர்வது இதுதான். நேரம் என்பதே இதில் இல்லாததால் ஏழு மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

வாரநாள்களையும் மணிகளையும் கட்டங்களாக்கும் வெப்ப வரைபடம், நாள்தோறும் திரும்பும் நெரிசலைக் காட்டுவதில் சிறந்தது. ஆனால் மென்பொருள், சிங்கப்பூர் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் (யுடிசி) இருந்தால், இரவு 7 மணி வகுப்பின் நெரிசல் முற்பகல் 11 மணிக் கட்டத்தில் சிவக்கும்.

ஆகவே முதல் திரைக்கு, உச்சமும் எல்லைக்கோடும் சேர்ந்த கோட்டு வரைபடத்தையே பரிந்துரைப்பேன். அதைச் சொடுக்கினால் கணினிவாரியான சிறுபடங்கள் திறக்கட்டும், சான்கீ மாத அறிக்கைக்குப் போகட்டும். ஒரு பைட் என்பது எட்டு பிட் என்பதால், அச்சு மெகாபைட்டில் இருந்தால் மெகாபிட்டுக்கு மாற்றிய பிறகே உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் 1 ஜிகாபிட் இணைப்பு முழுதாக நிரம்பி நிற்கும் வேளையிலும் 125 என்ற எண்ணைப் பார்த்து, கட்டிய காசுக்கு எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று சேவை நிறுவனத்தை அழைத்துச் சண்டை போடுவார்.