அந்தனி டேவிஸ்: நாலா, ஐந்தா?

கிளிநொச்சியில் நான் வலைப்பந்து பழக்கும் பிள்ளைகளில் ஒருத்தி ஒரே வருடத்தில் நாலு விரற்கிடை வளர்ந்துவிட்டாள். ஜி.எஸ். (கோல் போடுபவர்) என்று எழுதிய பிப்பைக் கழற்றி ஜி.கே. (கோல் காப்பவர்) போடச் சொன்னேன். "சேர், நான் கோல் போடுற ஆள் எல்லோ?" என்றாள். குரல் கம்மிவிட்டது. எனக்கு உடனே அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் அந்தனி டேவிஸின் நினைவு வந்தது.

டேவிஸுக்கு 2.08 மீற்றர். எங்கள் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரமும் அதேதான். ஆனால் வலைப்பந்தில் பிப்பில் உள்ள எழுத்துத்தான் எல்லை: ஜி.எஸ். தான் கோல் போடும் பக்கத்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது. கூடைப்பந்தில் அப்படி எந்தக் கோடும் இல்லை. அதனால்தான் டேவிஸ் நாலா (பவர் ஃபோர்வேர்ட்), ஐந்தா (சென்டர், கூடையடியில் நிற்பவர்) என்ற வாதம் இத்தனை வருடம் இழுபட்டது.

அவருக்குப் பிடித்தது நாலு. 2019இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தபோதே அதை வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கார்டாக (பந்தைக் கொண்டுபோகும் வெளி ஆட்டக்காரராக) ஆடிவிட்டுப் பிறகு மளமளவென்று வளர்ந்தவர்; பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் தூரத்திலிருந்து எறிவதும் கையோடு வந்தவை. ஐந்தில் நின்றால் ஒவ்வொரு இரவும் தன்னைவிடப் பாரமானவர்களோடு முதுகால் தள்ளுப்பட வேண்டும். உடம்பு தாங்காது என்ற பயம் நியாயமானதுதான்.

சரி, நடந்தது என்ன? 2020–21இல் மார்க் கசோல் போன்ற சென்டர்களோடு பெரும்பாலும் நாலில் ஆடினார். காயத்தால் 36 ஆட்டங்கள்தான். 2023–24இல் சென்டராகவே நின்றார். 76 ஆட்டங்கள், அதுவரை அவர் ஒரு பருவத்தில் ஆடியதில் அதுதான் அதிகம். 2025 பெப்ரவரியில் டல்லாஸ் அணிக்குப் போய் மறுபடி நாலில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளி, 16 ரிபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). மூன்றாம் கால்பகுதியில் காயத்தோடு வெளியேறினார். காயத்துக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் நாலில் நின்றால் உடம்பு தப்பும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பெயர் நிலைப்பதைப் பார்த்தாலும் நான் ஐந்தின் பக்கம்தான். நாலு என்றதும் ஐந்து கிண்ணங்களோடு டிம் டங்கன் வந்து நிற்பார். அந்த வரிசையில் டேவிஸ் நன்றாகப் பின்னாலேதான். ஆனால் 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எடுங்கள். அந்தப் பருவத்தில் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சென்டர் நின்றார்; அன்று டுவைட் ஹோவர்டை வெளியே வைத்து, கார்ட் கறூசோவை இறக்கி, கூடையடியை டேவிஸிடம் விட்டார்கள். 19 புள்ளி, 15 ரிபவுண்ட், மயாமிக்கு எதிராக 106–93, கிண்ணம். அவரைப் பற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்வதென்றால் நான் அந்த இரவைத்தான் சொல்வேன்.

என் பிள்ளை இரண்டு சனிக்கிழமையாக ஜி.கே.யில் நிற்கிறாள். போன கிழமை வளையத்துக்குக் கீழே மூன்று பந்தை எட்டிப் பறித்தாள். பறித்து அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கத்து வளையத்தை இன்னும் ஏக்கத்தோடுதான் பார்க்கிறாள்.