டிஎன்எஸ் மாற்ற எந்தக் கட்டளை? லினக்ஸில் நான்கு வழிகள்

தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை லினக்ஸில் மாற்றுவது எப்படி என்று தேடினால் பழைய வழிதான் முதலில் கிடைக்கும். இடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து, நேம்சர்வர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1.1.1.1 போன்ற முகவரியை எழுதிச் சேமிப்பது. பெரும்பாலும் உடனே வேலை செய்யும். கணினியை அணைத்துப் போட்டால் பழைய முகவரியே திரும்ப வந்திருக்கும்.

ஏனென்றால் இன்றைய உபுண்டுவில் அது தனிக் கோப்பே இல்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை உருவாக்கும் வேறொரு கோப்பைச் சுட்டும் வெறும் இணைப்பு. அந்தக் கோப்பு நினைவகத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் அங்கேயும் இதே ஏற்பாடுதான். இணைப்பை நீக்கிவிட்டுச் சொந்தக் கோப்பு வைத்து, கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி செய்யும் சாட்டர் கட்டளையால் பூட்டிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் இணையும்போது அதன் டிஎன்எஸ் அந்தக் கோப்பில் ஏறாமல் போகலாம்; அலுவலகத் தளங்கள் ஏன் திறக்கவில்லை என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரிசால்வ்டு போன்ற சேவை எதுவும் இல்லாத சின்ன சர்வர் என்றால் கோப்பைத் திருத்துவதே சரி. அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சி 3 நேம்சர்வர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். முதலாவது பதிலே தராவிட்டால்தான், வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, அடுத்ததைக் கேட்கும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் ஒரு பதில்தான். அதோடு தேடல் முடிந்தது. அதனால் பொது டிஎன்எஸ்ஸை முதலிலும் அலுவலக டிஎன்எஸ்ஸை இரண்டாவதாகவும் போட்டால் அலுவலகப் பெயர்கள் கிடைக்கவே கிடைக்காது.

இதற்கு நல்ல விடை, ரிசால்வ்டு சேவையை இயக்கும் ரிசால்வ்சிடிஎல் கட்டளையிடம் இருக்கிறது. டிஎன்எஸ் என்ற துணைக்கட்டளையோடு நெட்வொர்க் இடைமுகத்தின் (வைஃபை, கேபிள் போன்ற இணைப்பு முனையின்) பெயரும் முகவரியும் கொடுத்தால் அந்த இடைமுகத்துக்கு மட்டும் மாறும். டொமைன் என்ற துணைக்கட்டளையில் அலுவலக டொமைனுக்கு முன்னால் ஒரு டில்டே (~) குறி போட்டு விபிஎன் இடைமுகத்தோடு சேர்த்தால், அந்தப் பெயர்கள் மட்டும் விபிஎன் வழியே கேட்கப்படும். மற்றவை வழக்கம்போலப் போகும். பழைய கோப்பில் இதற்கு இடமே இல்லை.

ஆனால் ரிசால்வ்சிடிஎல் செய்யும் மாற்றம் தற்காலிகமானது. இணைப்பு அறுந்து சேர்ந்தாலே போய்விடலாம். சோதித்துப் பார்க்கிறவருக்கு அதுவே வசதி: 9.9.9.9 வேகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பை அணைத்து மீண்டும் எழுப்பினால் பழையபடி ஆகிவிடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால், மடிக்கணினிக்கு நான் சொல்வது இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளை. கனெக்‌ஷன் மாடிஃபை என்று கொடுத்து, இணைப்பின் பெயரைச் சொல்லி, ஐபிவி4.டிஎன்எஸ் மதிப்பை எழுத வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ரவுட்டர் டிஹெச்சிபி (அமைப்புகளைத் தானாக வழங்கும் முறை) வழியே தரும் முகவரியும் கூடவே இருக்கும். இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் என்பதை ‘யெஸ்’ ஆக்கினால்தான் அது விலகும். ஐபிவி6க்கும் தனியாக இதையே செய்ய வேண்டும். இல்லையென்றால் கேள்விகள் அந்தப் பக்கமாக ரவுட்டருக்கே போகும். அப்புறம் கனெக்‌ஷன் அப் என்று கொடுத்து இணைப்பை மீண்டும் எழுப்புங்கள்.

கட்டளை நீளம்தான். இருந்தும் இதை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அமைப்பு அந்தந்த இணைப்போடு சேமிக்கப்படுவது. வீட்டு வைஃபைக்கு ஒரு டிஎன்எஸ், விடுதியில் அவர்கள் தருவதே போதும் என்று விட்டுவிடலாம். விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் பெரும்பாலும் அவர்களுடைய டிஎன்எஸ்ஸை நம்பியே திறக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

உபுண்டு சர்வரில், நெட்வொர்க் அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் எழுதுங்கள். நெட்பிளான் கட்டளையில் அப்ளை என்பதற்குப் பதில் ட்ரை கொடுத்தால், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே வேலை செய்கிறவர்கள் இதை விடவே கூடாது.

மாறியதா என்று, டிஎன்எஸ்ஸிடம் ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிசால்வ்டு ஓடும் கணினியில் அது வழக்கமாக 127.0.0.53 என்றே காட்டும். அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர். உண்மையில் யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் இடைமுகம் வாரியாகக் காட்டும். அங்கே சரியாக இருந்தும் பிரவுசர் மட்டும் ஒத்துவரவில்லையா? அதன் அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். அது தனக்கென வேறு டிஎன்எஸ் வைத்து இயங்கினால் இங்கே சொன்ன எந்தக் கட்டளையும் பிரவுசரைத் தொடாது.