கதவுக்குக் கொடுத்த வாடகை

ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம், கூடத்தின் ஓரத்திலேயே சமையல் மேடை, ஒரு குளியலறை. ஐந்தாம் மாடி. நகரத்தின் மையத்திலிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள். இப்படி வீடுபோல் அமைத்து நாள் கணக்கில் வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்ட் கட்டடங்கள் இன்று எந்தப் பெருநகரத்திலும் உண்டு. புகைப்படங்களில் எல்லாம் ஒரே அச்சு: அதே சாம்பல் நிற சோபா, அதே சுவர்ப்படம், மேடைமேல் அதே பொம்மைச் செடி. நாங்கள் தங்கியதை மற்றவற்றிலிருந்து உயர்த்திக் காட்டியது படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த மரக் கதவு. அது தரை வரைக்கும் இருந்தது. சாத்தினால் சாத்தியபடி நின்றது. இதைப் போய் ஒரு பெருமையாகச் சொல்கிறானே என்று தோன்றினால், உங்கள் வீட்டில் ஒன்றே முக்கால் வயதுப் பையன் இல்லை என்று பொருள்.

எங்கள் வீட்டில் தங்குமிடம் பிடிக்கும் வேலை என்னுடையது. மனைவி மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் இதில் மட்டும் நான் குறை வைக்க முடியாது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளில் ஏறக்குறையப் பாதி. ஒற்றை அறை ஹோட்டலில் அந்தப் பாதி நேரமும் அறை முழுவதும் அவன் ராஜ்யம். இரவு எட்டு மணிக்கு அவன் கண்ணயர்ந்துவிட்டால் விளக்கைப் போட முடியாது, பேச முடியாது, பெட்டியின் ஜிப்பைத் திறக்க முடியாது. பெரியவர்கள் இருவரும் குளியலறைக்குள் உட்கார்ந்து மறுநாள் எங்கே போவது என்று கிசுகிசுத்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே காற்றோட்டிச் சத்தம் வேறு. காசு கொடுத்து இப்படியொரு தண்டனையா?

இங்கே எட்டேகாலுக்குக் கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு கூடம் எங்களுடையது. விளக்கு எரிந்தது, சாப்பிட்டோம், துணி துவைத்தோம், சண்டைகூடப் போட்டோம். இதற்காகவே அந்தப் பகுதியிலிருந்த நடுத்தர ஹோட்டல் அறையைவிடச் சற்றுக் கூடுதலான வாடகையைக் கொடுத்தேன். சமையல் மேடையையும் வாஷிங் மெஷினையும் கணக்கில் சேர்த்தால் கடைசியில் ஹோட்டலைவிட மலிவாகத்தான் முடிந்தது. குழந்தையோடு மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும்: தட்டில் வருவதில் பாதி தரையில், கால்வாசி சட்டையில். ஹோட்டல் சலவைக்குக் குழந்தையின் துணியைப் போட்டால், அந்தத் துணியின் விலையே சலவைக் கூலியாக வந்து நிற்கும்.

மலிவு என்ற பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வகை இடங்களில் சுத்தம் செய்வதற்கென்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். ஓர் இரவு தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் தொகை ஒன்றுதான். ஆகவே ஓரிரு இரவுக்கு மட்டும் என்றால் அந்தக் கட்டணமே வாடகையை ஹோட்டலுக்கு மேலே தூக்கிவிடும். நாட்கள் கூடக்கூட அது கரைந்துவிடுகிறது. பல இடங்களில் ஒரு வாரத்துக்கு எடுத்தால் தள்ளுபடியும் உண்டு. பட்டியலில் பெரிய எழுத்தில் தெரியும் நாள் வாடகையை ஒப்பிடுவது வீண் வேலை. வரி, சுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை இரவுகளால் வகுத்துப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இனி குறைகள். முதலில் குழந்தைக் கட்டில். இலவசம் என்று போட்டிருந்தார்கள். கேட்டவுடன் வந்தும் விட்டது. வலைப் பக்கங்கள் கொண்ட மடக்குக் கட்டில். விரித்து வைத்துவிட்டு ஊழியர் புன்னகையோடு போக இருந்தார். மேல்விளிம்புக் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். நடுவில் உடைந்ததுபோல் உள்பக்கம் சரிந்தது. இந்தக் கட்டில்களுக்கு ஒரு முறை இருக்கிறது. தரையின் நடுப்பகுதியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான்கு பக்கக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக ‘டக்’கென்று பூட்டும்வரை இழுக்க வேண்டும், அதன் பிறகே நடுப்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். முதலிலேயே நடுவை அழுத்திவிட்டால் கம்பிகள் பூட்டாது. பார்வைக்கு நேராக நிற்கும், குழந்தை பிடித்து எழுந்தால் மடங்கும். நானே கழற்றி மறுபடி விரித்தேன். மூன்று பூட்டின, நான்காவது பூட்டவே இல்லை. வேறு கட்டில் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொண்டுவந்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும்.

அதே ஊழியர், மெத்தை மெலிசாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு இன்னொரு மெத்தையும் தூக்கி வந்தார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். மடக்குக் கட்டிலுக்கு அதனோடு வரும் மெத்தை மட்டும்தான் போட வேண்டும். மேலே இன்னொன்றைப் போட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். குழந்தையின் முகம் அதில் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. மரக் கட்டில் தருகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்குகிற பழைய வகைக் கட்டில் என்றால் தொடவே வேண்டாம். குழந்தைகள் அதில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011-ல் அந்த வகையையே தடை செய்துவிட்டார்கள். பழைய மரச்சாமான்களைச் சேர்த்து வைத்து வாடகைக்கு விடுகிற வீடுகளில் இன்னமும் கண்ணில் படலாம்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. கட்டடத்தின் வெந்நீர்த் தொட்டியில் தண்ணீரை 60 டிகிரியில் வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: அதற்குக் கீழே போனால் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகக்கூடும். ஆனால் அதே சூடு குழாய்க்கும் வந்துவிட்டால் குழந்தையின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எல்லை 49 டிகிரி. நல்ல கட்டடங்களில் குழாய்க்கு முன்னால், வெந்நீரில் குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு வைத்திருப்பார்கள். இங்கே அது இல்லையா, பழுதா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. தங்கிய நாளெல்லாம் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர், கடைசியில் குழாயின் வாய் ஆறுவதற்கு மறுபடி குளிர்ந்த நீர் என்று பூஜை மாதிரி வரிசை தவறாமல் நடத்தினோம். இதற்காக அரை மதிப்பெண்ணைத் தாராளமாகக் குறைக்கிறேன்.

ஜன்னல்கள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாடியில் அது இல்லையென்றால் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பேன். படுக்கையறைத் திரைச்சீலை நல்ல கனம், பகல் தூக்கத்துக்கு இருட்டு போதுமானதாக இருந்தது. கூடத்து ஜன்னலில் மட்டும் கயிறு தொங்கும் பட்டைத் திரை. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்துள்ள கயிறு. அவனுக்கு எட்டாத உயரத்தில் முடிந்து வைத்தோம். கூர்மையான மூலைகளோடு இருந்த கண்ணாடி மேசையை எடுத்துவிடச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காமல் எதுவும் நடக்காது. ‘குழந்தைகளுக்கு உகந்தது’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதெல்லாம் மடக்குக் கட்டில் ஒன்று கையிருப்பில் இருக்கிறது என்ற அளவில்தான்.

லிப்ட் ஒன்றே ஒன்று. நாங்கள் இருந்தபோது ஒரு நாள் மதியம் நின்றுபோய் மாலைவரை வரவில்லை. தூங்கும் பிள்ளை, தள்ளுவண்டி, தண்ணீர் கேன், ஐந்து மாடி. மனைவி என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. ரயில் நிலையத்துக்கும் இதே கேள்வி உண்டு. 1863-ல் தொடங்கிய லண்டன் சுரங்க ரயிலிலும், 1900-ல் வந்த பாரிஸ் மெட்ரோவிலும், 1904-ல் வந்த நியூயார்க் சப்வேயிலும் லிப்ட் இல்லாத நிலையங்கள் இன்றும் ஏராளம். ‘நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடை’ என்ற வரியில் மயங்காமல், அந்த நிலையத்தில் லிப்ட் இருக்கிறதா என்று ரயில்வேயின் வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது. எங்களுக்கு இருந்தது, அதைப் பார்த்த பிறகே முன்பதிவு செய்தேன்.

இதைவிட மலிவாக இடம் கிடைக்காதா? கிடைக்கும். ஊருக்கு வெளியே இதே வாடகைக்கு இரண்டு படுக்கையறை கிடைத்தது. ஆனால் பகல் தூக்கத்துக்குத் திரும்பி வர முடியாத தூரம். மதியம் ஒரு மணிக்குக் கண் சொருகும் பிள்ளையை வண்டியிலேயே தூங்க வைத்துக்கொண்டு அலைந்தால், மாலை ஐந்து மணிக்கு அவன் வட்டியோடு வசூலிப்பான். இளைஞர் விடுதிகளில் இப்போது குடும்பங்களுக்கான தனி அறைகள் இருக்கின்றன, விலையும் குறைவு. 1912-ல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் முதல் நிரந்தர விடுதியைத் தொடங்கியது, நடைப்பயணம் போகும் மாணவர்களுக்காக. அந்த வழக்கத்தில் வந்த அடுக்குக் கட்டில் பல அறைகளில் இன்றும் இருக்கிறது. மேல் தட்டு ஆறு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஆகாது. பிள்ளை அங்கே படுக்காவிட்டாலும் ஏணியில் ஏறாமல் இருப்பானா? நான்கு வயதுக்கு மேல் ஆனபின் யோசிக்கலாம். விடுமுறைக் காலத்தில் சில பல்கலைக்கழகங்கள் மாணவர் அறைகளை வாடகைக்கு விடுகின்றன. தனியாகப் போகிறவர்களுக்கு அருமை. அறைகள் பெரும்பாலும் ஒற்றைக் கட்டில்தான். ஹோட்டலே வேண்டும் என்பவர்கள் அலுவலகப் பகுதியில் வார இறுதிக்குப் பாருங்கள். அலுவலக வேலையாக வருகிறவர்கள் போய்விடுவதால் வெள்ளிக்கிழமையிலிருந்து விலை இறங்கும்.

முன்பதிவில் வயதை உள்ளபடி போடுங்கள். வீடுகளை வாடகைக்குப் பிடிக்கும் இணையதளமான ஏர்பிஎன்பியில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை விருந்தினர் எண்ணிக்கையில் வராது. இரண்டு முடிந்தால் வந்துவிடும். இன்னொரு முன்பதிவுத் தளமான புக்கிங்.காம் குழந்தையின் வயதைக் கேட்கும். கட்டில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை ஒவ்வோர் இடமும் தனித்தனியாக முடிவு செய்து வைத்திருக்கும். வாடகை கூடிவிடும் என்று குழந்தையையே கணக்கில் காட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் போய் நின்ற பிறகு ‘இந்த அறையில் இரண்டு பேர்தான்’ என்று சொல்லப்பட்டால் வாதாட ஒன்றும் மிஞ்சாது. ‘கட்டில் இருப்பைப் பொறுத்து’ என்ற வாசகம் இருந்தால் அதை ‘இல்லை’ என்றே படியுங்கள்; எழுத்தில் உறுதி வந்தால் மட்டும் நம்புங்கள்.

நான் முன்பதிவுக்கு முன்னால் கதவின் படத்தைக் கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ சிரித்திருப்பார்கள், ஆனால் அனுப்பினார்கள். ‘ஒரு படுக்கையறை’ என்று போட்டுவிட்டு நடுவில் புத்தக அலமாரியையோ திரைச்சீலையையோ மேலே திறந்த கண்ணாடித் தடுப்பையோ வைத்திருக்கிற வீடுகள் நிறைய. சத்தம் வராத தடுப்பு எது என்று புகைப்படக்காரருக்குக் கவலையில்லை. அவர் ஜன்னல் பக்கம் நின்று சோபாவைத்தான் எடுப்பார். கதவு இருக்கும் சுவர் எந்தப் படத்திலும் வராது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. வெந்நீர் சரியாக இருந்திருந்தால் நான்கு. நடக்கத் தொடங்கி மூன்று வயது முடியாத பிள்ளையோடு, நான்கைந்து இரவுக்கு மேல் தங்குகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். கைக்குழந்தை என்றால் ஹோட்டல் அறையே போதும்; அது எந்த வெளிச்சத்திலும் தூங்கும். எடுப்பதென்றால் கட்டடத்தின் பின்பக்கத்தைக் கேளுங்கள். முன்பக்கம் விடியற்காலை குப்பை லாரி வருகிறது. கண்ணாடிப் புட்டிகளைக் கொட்டும் சத்தத்துக்கு எந்தக் கதவும் ஈடு கொடுக்காது. மாடி இரண்டோ மூன்றோ போதும், லிப்ட் மறுபடியும் படுத்துக்கொண்டால் இறங்கிவிடலாம்.