சென்னை–துபாய் டிக்கெட்: தூரத்தையும் நேரத்தையும் காட்டி ஏமாற்றுகிறார்கள், உஷார்!

31,400 ரூபாய். அம்மாவின் துபாய் டிக்கெட்டுக்குக் கட்டிய பணம், அப்படியே போய்விட்டது. இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன்.

தங்கைக்கு அங்கே பிரசவம். இணையத்தில் ஒரு தளத்தில் அம்மாவுக்கு டிக்கெட் போட்டேன். இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று காட்டிவிட்டு அங்கேயே டிக்கெட்டும் விற்கும் வகைத் தளம் அது. வரைபடத்தில் ஒரு வளைகோடு, மேலே '2,930 கி.மீ., 4 மணி 15 நிமிடம்', அதற்கு அடியிலேயே புக்கிங் பொத்தான். கணக்கு சரிதான், ஆனால் அது நேரடி விமானத்தின் கணக்கு. அழுத்தினால் கையில் வருவது மும்பை வழி டிக்கெட். மும்பையைச் சுற்றிப் போனாலும் 2,960 கி.மீ.தான் வரும், தூரத்தை வைத்து யாருக்கும் சந்தேகம் வராது. மாலை 5.30க்குக் கிளம்பி இரவு 11.25க்குப் போய்ச் சேரும் என்று போட்டிருந்தார்கள். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், ஏழரை மணிப் பயணம் ஆறு மணி போலத் தெரிகிறது.

மும்பை என்று பார்த்ததும் அந்தத் தளத்துக்குப் போன் போட்டேன். "சின்ன ஸ்டாப்தான் சார். அம்மா எதுக்கும் அலைய வேண்டாம், லக்கேஜ் நேரா துபாய்ல வந்துடும்" என்றார் போனை எடுத்த பையன். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நம்பினேன்.

நடந்தது என்ன? இரண்டு தனித்தனி டிக்கெட், இரண்டு வேறு நிறுவனங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா, மும்பையில் பெல்ட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு முனையமான டி1-இலிருந்து வெளியே வந்து, டாக்சி பிடித்து, வெளிநாட்டு விமானம் கிளம்பும் டி2 முனையத்துக்குப் போக வேண்டியிருந்தது. சென்னை விமானம் கொஞ்சம் தாமதம். வெளிநாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அம்மா போய் நின்றபோது மூடியிருந்தது. ராத்திரி முழுக்க பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. தளத்தில் கேட்டால், "ஏர்லைன்ஸிடம் பேசுங்கள்." துபாய் விமான நிறுவனமோ, "எங்கள் டிக்கெட் மும்பையிலிருந்துதான், நீங்கள் வரவில்லை, ரீஃபண்ட் கிடையாது." மறுபடி தளத்தில் கேட்டால், "விதிமுறைகளை ஏற்றுத்தானே பணம் கட்டினீர்கள்?" அன்று போனில் சொன்னதைப் பதிவு இருந்தால் எடுத்துக் கேளுங்கள் என்றேன். லைனைத் துண்டித்துவிட்டார்கள். 31,400 ரூபாய்க்கு இவ்வளவுதான் பதில்.

டிக்கெட் வந்ததும் எத்தனை பி.என்.ஆர். (முன்பதிவு எண்) இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு இருந்தால் பெட்டி தானாகப் போகும் என்று நம்பாதீர்கள், விமான நிறுவனத்திடமே கேளுங்கள். போனில் சொல்வதை மெயிலில் எழுதி வாங்குங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்பினால் நேரடி விமானம் மட்டும் போடுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன்; இதே மாதிரி மாட்டியவர்கள் நீங்களும் கொடுங்கள்.