ஒரே நொதிக்கு இரண்டு வாசல்: மாவோ-ஏ, மாவோ-பி

டோபமைன், செரட்டோனின் போன்றவற்றை மூளையில் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் நொதியைச் சுருக்கமாக 'மாவோ' என்பார்கள். சீனத் தலைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் ஏ, பி என இரண்டு வகை. அமினோ அமில வரிசை சுமார் 70 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்த வீடுகள்தான். ஆனால் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் வாசல்கள் எதிரெதிர்த் திசையில். அந்த வாசல்தான் புரோமோட்டர், அதாவது மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் டிஎன்ஏ பகுதி.

ஏ-யின் புரோமோட்டரில் டாட்டா பெட்டி (மரபணு வாசிப்பு தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒரு டிஎன்ஏ எழுத்து வரிசை) கிடையாது. எஸ்பி1 என்ற புரதம் வந்து உட்கார்ந்தால் மரபணு வேலை செய்யும். ஆர்1 என்ற புரதம் அதே இடத்துக்குப் போட்டி போட்டு அமுக்கிவிடும். மன அழுத்த ஹார்மோன்களான குளுக்கோகார்டிகாய்டுகள் ஏ மரபணுவைத் தூண்டுகின்றன. பி-யில் டாட்டா பெட்டி உண்டு. எஸ்பி1-உம் அதன் உறவுப் புரதமான எஸ்பி4-உம் முடுக்க, இன்னொரு உறவான எஸ்பி3 தடுக்கிறது.

புகழ் முழுக்க ஏ-க்குத்தான். அதன் புரோமோட்டருக்கு அருகில் 30 எழுத்து டிஎன்ஏ துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று முறை வந்தால் உற்பத்தி குறைவு, நான்கு முறை என்றால் அதிகம் என்று 1998-இல் ஆய்வகச் செல்களில் கண்டார்கள். 2002-இல் நியூசிலாந்தின் டுனடின் ஆய்வு, குறைந்த வகையோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தால் வன்முறைப் போக்கு கூடுவதாகச் சொன்னது. 'போர்வீரர் மரபணு' என்று பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன. ஆனால் 2007-இல் ஆரோக்கியமான ஆண்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தபோது, மூன்றுக்கும் நான்குக்கும் நொதியளவில் வித்தியாசமே தெரியவில்லை! செல் தட்டில் நடப்பது மண்டைக்குள்ளும் நடந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புரோமோட்டரில் ஒட்டும் மெத்தில் குறிகளை (டிஎன்ஏ மேல் ஒட்டி, மரபணுவின் வேலையைப் பொதுவாகக் குறைக்கும் சிறு வேதிக் குறிகள்) பார்த்த 2012 ஆய்வில்தான் மூளையில் உள்ள நொதியளவோடு ஒரு தொடர்பு கிடைத்தது.

என் ஓட்டு பி-க்கு. வயது ஏற ஏற மூளையில் இது கூடுகிறது. ஏ அப்படிக் கூடுவதில்லை. பார்க்கின்சன் நோயாளிக்குத் தரும் செலிஜிலின் என்ற மருந்து அடைப்பதும் இதைத்தான். புகைபிடிப்பவர்களின் இரத்த அணுக்களில் பி-யின் புரோமோட்டரில் மெத்தில் குறிகள் குறைந்து காணப்படுகின்றன, சிகரெட்டை விட்டவர்களிடமும்கூட. இன்னொரு வசதி: இரத்தத் தட்டணுக்களில் இருப்பது பி மட்டுமே. கையில் ஊசி போட்டு எடுக்கும் கொஞ்சம் இரத்தத்திலேயே அதை அளந்துவிடலாம்.